அப்பாவுக்காக யார் கையெழுத்துப் போடுவது? பவர் பத்திரம், கலெக்டர் குழு, கோர்ட்டு: எது யாருக்கு

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. அப்பாவுக்கு மறதி நோய். அவர் பெயரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்றால்தான் வைத்தியச் செலவு தாங்கும். அவருக்கோ மகன் பெயரே நினைவில்லை. மதுரை கே.கே. நகரில் இன்னொரு வீடு. அம்மாவுக்கு எழுபது வயது, ஆட்டிசம் உள்ள மகனுக்கு முப்பத்தைந்து. ‘எனக்குப் பிறகு இவனுக்கு யார்?’ என்பது அங்கே தினமும் எழும் கேள்வி. மேலூரில் ஒரு மனைவி. விபத்தில் தலையில் அடிபட்ட கணவர் எட்டு மாதமாகக் கண் திறக்கவில்லை. வங்கியில் பணம் இருக்கிறது, எடுக்க வழியில்லை.

மூன்று வீட்டிலும் கேட்பது ஒன்றுதான்: கார்டியன் ஆர்டர், அதாவது காப்பாளர் நியமன உத்தரவு, எங்கே வாங்குவது? மூன்று வீட்டுக்கும் பதில் வேறு வேறு. சொந்தக்காரர் ஒருவர் வாங்கிய ஆர்டரைப் பார்த்துவிட்டு, அவர் போன அலுவலகத்துக்கே போய் ஆறு மாதம் அலைவதுதான் இதில் வழக்கமாக நடக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நோயின் பெயர் முடிவு செய்கிறது. எவ்வளவு பெரிய ஆர்டர் வேண்டும் என்பதைச் செய்ய வேண்டிய வேலை முடிவு செய்கிறது.

அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடலாம். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த அன்றே பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடும். பிள்ளைக்கு என்ன குறைபாடு இருந்தாலும் இதில் மாற்றமில்லை. கணவனுக்கு மனைவியோ, அப்பாவுக்கு மூத்த மகனோ தானாகக் காப்பாளர் ஆவதும் கிடையாது. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டம் மைனர்களுக்கானது. உயிலில் ‘என் மகனுக்கு என் தம்பி கார்டியன்’ என்று எழுதினால், மகன் மேஜராக இருக்கும் பட்சத்தில், அந்த வரி ஒரு விருப்பமாக நிற்குமே தவிர அதிகாரமாக ஆகாது.

## எடை போட வேண்டியவை

முதல் கேள்வி, மருத்துவச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது. ஆட்டிசமா, அறிவுசார் குறைபாடா, மனச்சிதைவா, மறதி நோயான டிமென்ஷியாவா, கோமாவா? ஒவ்வொரு சட்டமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத நோய்க்கு மனு போட்டால் விசாரணைக்கே போகாது.

இரண்டாவது, அவருக்குப் புரிதல் முழுவதும் போய்விட்டதா, வந்து போகிறதா? 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 12-வது பிரிவு, வழக்கமாகச் சித்தம் தெளிவில்லாதவரும் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. ஆரம்ப நிலை மறதி நோயில் இந்த ஒரு வாசல் திறந்திருக்கும், அதிக நாள் திறந்திருக்காது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதைத் தகுந்த நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்கிறது. டாக்டர் சீட்டு மட்டும் ஆர்டர் ஆகாது.

மூன்றாவது, எதற்காக அதிகாரம்? சிகிச்சைக்கா, மாதாந்திரப் பென்ஷனுக்கா, வைப்புத் தொகையை உடைக்கவா, நிலத்தை விற்கவா, நடக்கும் வழக்கில் ஆஜராகவா? நிலத்தை விற்பதுதான் இவற்றில் மிகக் கடினம். மற்ற நான்கில் ஏதாவது ஒன்று போதுமென்றால் நிலத்துக்கான ஆர்டரைத் தேடிப் போகாதீர்கள்.

நான்காவது, குடும்பத்தில் யார் எதிர்ப்பார்கள்? ஐந்தாவது, ஆர்டர் வந்த பிறகு வருடா வருடம் கணக்கு எழுதித் தர உங்களால் முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஆர்டர் ரத்தாகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

## பவர் பத்திரமும் ஜாயிண்ட் அக்கவுண்ட்டும்

மதுரை வட்டாரத்தில் எல்லோரும் முதலில் நினைப்பது பவர் பத்திரத்தை. செலவு குறைவு, நாலைந்து நாளில் வேலை முடியும், கோர்ட்டுப் பக்கம் போக வேண்டாம். அதன் குறை எந்தப் பத்திர எழுத்தரும் சொல்லாத இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும். வெளிநாடுகள் சிலவற்றில் நினைவு போன பிறகும் செல்லுபடியாகும் பவர் உண்டு; நம் சட்டத்தில் அந்த வகை இல்லை. மழைக்கு என்று வாங்கிய குடை மழை பிடித்ததும் மடங்கிக்கொள்கிற கதைதான்.

பவர் எங்கே உதவும் என்றால், உடம்பு முடங்கி மூளை தெளிவாக இருப்பவருக்கு. பக்கவாதத்தில் வலது கை போனவர், படுத்த படுக்கையில் இருந்தாலும் பேச்சும் புரிதலும் உள்ளவர், இவர்களுக்குக் காப்பாளர் மனு தேவையே இல்லை. பதிவுச் சட்டத்தில், நடமாட முடியாதவரின் வீட்டுக்கே பதிவு அலுவலர் வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. வங்கியிலும் அப்படியே. கையெழுத்துப் போட முடியாதவர் கை ரேகையோ கால் பெருவிரல் ரேகையோ வைக்கலாம். இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் நடைமுறை. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரவும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் உண்டு. கிளையில் ‘முடியாது’ என்றால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஆரம்ப நிலை டிமென்ஷியாவில் பவர் எழுதுவதாக இருந்தால், பத்திரம் பின்னால் வழக்கில் நிற்கும்படி எழுத வேண்டும். பதிவு நாளன்றோ அதற்கு முந்தைய நாளோ நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம், ‘இந்தப் பரிவர்த்தனையின் தன்மையைப் புரிந்துகொள்கிறார்’ என்று குறிப்பிட்ட சான்று வாங்குங்கள். ‘உடல்நலம் சீராக உள்ளது’ என்ற சான்று எதற்கும் உதவாது. சாட்சியாகச் சொத்தில் பங்கில்லாதவர் வரட்டும். சார்பதிவாளர் கேள்வி கேட்டால் அப்பாவே பதில் சொல்ல வேண்டும். மகன் குறுக்கே பேசினால் அதுவே சந்தேகம். எழுதிக் கொடுப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டியது பதிவுச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி சார்பதிவாளரின் கடமை. இப்படி எழுதிய பவரும் நினைவு முழுதாகப் போகும் நாள் வரைதான் தாங்கும். அதற்குள் முடிக்க வேண்டிய வேலையை முடித்துவிட வேண்டும்.

‘ஐதர் ஆர் சர்வைவர்’ ஜாயிண்ட் அக்கவுண்ட், அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் தனியே பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு, அன்றாடச் செலவுக்கு நல்ல ஏற்பாடு. பென்ஷன் கணக்கைக் கணவன் மனைவி பெயரில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். எல்லைகளும் உண்டு. இருவரும் உயிரோடு இருக்கும்போது வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். நாமினி என்பவர் இறப்புக்குப் பிறகு பணம் பெறுபவர். கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அப்பாவின் ஏடிஎம் கார்டை மகன் வைத்திருப்பது பல வீடுகளில் எழுதப்படாத காப்பாளர் ஏற்பாடு. அக்கா கணக்குக் கேட்கும் நாள் வரை அது நன்றாக ஓடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நினைவு தப்பிய பெரியவரின் கட்டைவிரலைப் பிடித்து செட்டில்மெண்ட் பத்திரத்தில் ரேகை வைக்கும் வேலையைச் செய்யாதீர்கள். வயதாலோ நோயாலோ மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு ஒருவர் ஒப்பந்தம் செய்தால், அப்படிச் செய்து வாங்கியவர் ஆதிக்க நிலையில் இருந்தார் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு கொள்கிறது. ஏமாற்றி வாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழும். இப்படி வாங்கிய வீட்டை வங்கிக் கடனுக்கு வைக்கவும் முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.

## கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. இந்த நான்குக்கு மட்டும் 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் கோர்ட்டுக்கு வெளியே ஒரு வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூவர் கொண்ட குழு. கலெக்டர் ஆபீசில் ‘லோக்கல் லெவல் கமிட்டி’ என்றால் தெரியும். வேலை நடப்பது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கலெக்டர் கையில் மனு கொடுத்தாலும் அது அந்த அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேரும். நேரே அங்கே போனால் ஒரு வாரம் மிச்சம்.

பதினெட்டு முடிந்தவருக்குப் பெற்றோரோ உறவினரோ ‘ஏ’ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஊனச் சான்று அல்லது யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை), பிறந்த தேதிச் சான்று, இருவரின் ஆதார், புகைப்படங்கள், காப்பாளராக இருக்கச் சம்மதம், இரண்டு சாட்சிகள். அண்ணன் தம்பி அக்கா தங்கை இருந்தால் அவர்களின் எழுத்துச் சம்மதத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்க ஆகும் ஒரு மாதம் தப்பும். ஒப்புதல் ‘பி’ படிவத்தில் வரும்.

மனு நிற்கும் இடங்கள் சில உண்டு. ஊனச் சான்றில் ‘மனநோய்’ என்று இருந்தால் இந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை. மனச்சிதைவும் டிமென்ஷியாவும் அந்த நால்வகைக்குள் வராதவை. பழைய அட்டையில் வகை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், முதலில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மறு பரிசோதனை செய்து சான்றைத் திருத்த வேண்டும். அடுத்தது, குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பதுதான் சட்டம். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருப்பு. பெண் பிள்ளைக்கு ஆண் ஒருவரைத் தனியே நியமிக்க விதிகள் இடம் கொடுப்பதில்லை, அவர் மனைவியையும் இணைக் காப்பாளராகச் சேர்க்கச் சொல்கின்றன. சித்தப்பா பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் திரும்பி வரும்.

கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. செலவு வேறு வடிவில் வருகிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்து, பணம், கடன், வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் பட்டியலிட்டுத் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30-க்குள், வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். பென்ஷன் மட்டுமே வரும் கணக்கென்றால் ஒரு நோட்டில் எழுதிவிடலாம். வாடகைக்கு விட்ட கடையும் நகையும் இருந்தால் உட்கார்ந்து எழுதும் வேலைதான். கவனிக்காமல் விட்டாலோ பணத்தைத் தவறாகக் கையாண்டாலோ பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு என்று யார் வேண்டுமானாலும் காப்பாளரை நீக்கச் சொல்லி அதே குழுவிடம் போகலாம்.

எழுபது வயது அம்மா தன் பெயரில் மட்டும் வாங்குவது பாதி வேலை. ஆர்டர் அவரோடு முடிந்துவிடும். வாங்கும்போதே மகளையோ தம்பியையோ இணைக் காப்பாளராகச் சேர்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

நிலம் விற்பதைப் பற்றி இந்தச் சட்டம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. ‘பிள்ளையையும் அவன் சொத்தையும் பராமரிப்பது’ என்ற அளவில் நிற்கிறது. வங்கிக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் இந்த ஆர்டர் தாராளமாகப் போதும். சொத்தை விற்க வேண்டும் என்றால் சார்பதிவாளரும், வாங்குபவரின் வக்கீலும் ‘கோர்ட்டு அனுமதி எங்கே?’ என்று கேட்பார்கள். அந்த நிலையில் இந்த ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போவதே வழி.

## மாவட்ட நீதிமன்றம்: வரையறுக்கப்பட்ட காப்பாளர்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 14-வது பிரிவில், மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவிக்கும் அதிகாரியோ ‘வரையறுக்கப்பட்ட காப்பாளரை’ நியமிக்கலாம். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரைக் கலந்து, அவர் விருப்பத்தை ஒட்டி. அடிக்கடி தேவைப்படுபவருக்கு முழு ஆதரவு வழங்கவும் இடம் உண்டு, அதை நீதிமன்றம் மறு ஆய்வு செய்யும்.

மனச்சிதைவு உள்ள தம்பியின் பங்கை விற்க வேண்டும், மறதி நோயுள்ள அம்மாவின் வீட்டை வாடகை ஒப்பந்தம் போட வேண்டும் என்கிற வேலைகளுக்கு இது பொருந்தும். சிந்தனை, மனநிலை, நினைவு ஆகியவற்றின் பெருங்குறைபாடு இந்தச் சட்டத்தின் மனநோய் விளக்கத்துக்குள் வருவதால், டிமென்ஷியாவையும் இதில் வாதாடலாம்.

மனுவில் அதிகாரத்தைப் பொத்தாம்பொதுவாகக் கேட்பதுதான் இங்கே பெரிய தவறு. ‘அனைத்துச் சொத்துகளையும் நிர்வகிக்க’ என்று எழுதாமல், சர்வே எண், கணக்கு எண், எவ்வளவு தொகை, எதற்கு என்று எழுதுங்கள். கிடைக்கும் வாய்ப்பும் கூடும், வங்கியும் தயங்காது. இன்னொன்று: 2018-க்கு முந்தைய மனு மாதிரிகளை அப்படியே டைப் அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 1987-ம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் காப்பாளரையும் சொத்து மேலாளரையும் நியமிக்கும் அத்தியாயம் ஒன்று இருந்தது. 2017 சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டமே ரத்தானது. புதிய சட்டத்தில் சொத்து மேலாளர் பற்றிய ஏற்பாடு இல்லை. பழைய பிரிவுகளைக் குறிப்பிட்டு வரும் மனு முதல் வாய்தாவிலேயே திருத்தத்துக்குத் திரும்பும். வக்கீல் தரும் வரைவில் எந்த ஆண்டின் சட்டம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

காலக்கெடு இதன் மறைமுகச் செலவு. இன்று வீட்டுக்கு வாங்கிய ஆர்டர் மூன்று வருடம் கழித்து நிலத்துக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் புது மனு, புது மருத்துவ அறிக்கை, புது ஃபீஸ்.

## உயர்நீதிமன்ற மதுரைக் கிளை: ரிட் மனு

கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கவென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. அந்த இடைவெளியை உயர்நீதிமன்றங்கள் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில், நேரே அங்கே போடும் ரிட் மனு வழியாக, ஆதரவற்றவருக்குத் தாய் தந்தை நிலையில் நின்று நிரப்புகின்றன. 2004 ஜூலை 24 முதல் இயங்கும் மதுரைக் கிளை மேலூர் சாலையில் இருப்பதால், நம் பக்கத்து மாவட்டங்களுக்குச் சென்னை போகும் அலைச்சல் இல்லை.

இது கட்டாயம் கிடைக்கும் பரிகாரம் என்று நம்பிப் போகக் கூடாது. 2024-ல் சென்னையில் கோமாவிலிருந்த ஒருவரின் மனைவி கேட்டபோது, தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியைக் காப்பாளராக்கிச் சொத்தை விற்கவும் அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும், வட்டியை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கலாம். விற்ற பணம் முழுவதும் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக் கடன்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேரள உயர்நீதிமன்றம் 2019-ல் இதற்கு வகுத்த நெறிமுறைகளை மற்ற நீதிமன்றங்களில் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது வழக்கம். அதன்படி மருத்துவக் குழு நோயாளியைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி வீட்டுக்குப் போய் உண்மை நிலையையும் சொத்து விவரத்தையும் விசாரிக்க வேண்டும். காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு அறிக்கை தர வேண்டும். ஆகவே மனுவோடு இவற்றைத் தயாராக வையுங்கள்: சிகிச்சைச் சுருக்கமும் ஸ்கேன் அறிக்கைகளும், இதுவரை ஆன செலவின் பில்கள், மாதச் செலவு மதிப்பீடு, எல்லாச் சொத்துக்கும் வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கடன் விவரம், குடும்ப உறுப்பினர் விவரச் சான்று. வாரிசுச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டாம். ஆள் உயிரோடு இருக்கும்போது அது கிடைக்காது.

எல்லா வாரிசுகளும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று பிரமாணப் பத்திரம் தந்தால் ரிட் ஓடும். ஒரு மகள் மட்டும் எதிர்த்தால், உண்மை எது என்று சாட்சி விசாரித்து முடிவு செய்யும் இடம் ரிட் இல்லை என்று நீதிமன்றம் சிவில் கோர்ட்டைக் காட்டக்கூடும். சொத்தைக் குறைத்துக் காட்டுவது மற்றொரு வலை. ஊரிலுள்ள ஒரு சென்ட் காலி மனையை விட்டுவிட்டால்கூட, தாசில்தார் அறிக்கையில் அது வந்து நிற்கும்போது மனு முழுவதன் நம்பகத்தன்மையும் போய்விடும்.

வக்கீல் ஃபீஸ்தான் இதில் பெரிய செலவு. பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். கிளையில் உயர்நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவும், மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன.

## சிகிச்சைக்கு மட்டும் என்றால்

மனநோய்க்கான சிகிச்சையில் யார் முடிவெடுப்பது என்பதற்குக் கோர்ட்டே தேவையில்லை. 2017 சட்டத்தில் மேஜரான எவரும் வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ஒரு நியமனப் பிரதிநிதியை அமர்த்தலாம். எழுதி வைக்காதவருக்கு முதலில் உறவினர், அடுத்துப் பராமரிப்பவர், அடுத்து மனநல மறுஆய்வு வாரியம் நியமிப்பவர் என்று வரிசை இருக்கிறது. பிரதிநிதியின் விண்ணப்பத்தில், நிபந்தனைகள் பொருந்தினால் 30 நாள் வரை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் வாரியத்தின் அனுமதி வேண்டும். அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ளவருக்கு இந்த வழி பொருந்தாது.

இந்தப் பிரதிநிதி வங்கிப் படியேறினால் மதிப்பில்லை. அதே சமயம், இவருக்குக் கட்டிப் போடும் உரிமையும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் 95-வது பிரிவில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போது, நம் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும்.

உயிர் காக்கும் கருவிகள் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னொரு தனிக் கேள்வி. தெளிவாக இருக்கும்போதே முன்கூட்டிய மருத்துவ உத்தரவு எழுதி வைக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் இருந்தால் போதும்.

வழக்குக்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால், திருமங்கலம் கோர்ட்டில் நடக்கும் பாகப் பிரிவினைக்காகத் தனி காப்பாளர் ஆர்டர் தேட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-வது கட்டளை, 15-வது விதியில் அந்த நீதிமன்றமே விசாரித்து, அந்த வழக்குக்கு மட்டும் ஒருவரை அமர்த்தும். சமரசம் பேசினால் மட்டும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு | எதற்குப் போதும் | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|
| பவர், ஜாயிண்ட் அக்கவுண்ட் | புரிதல் இருப்பவர் | பென்ஷன், அன்றாடம், உடனடி விற்பனை | நினைவு போனதும் பவர் முடிவு |
| உள்ளூர்க் குழு | நால்வகைக் குறைபாடு, 18 முடிந்தவர் | வங்கி, ஓய்வூதியம், பராமரிப்பு | நில விற்பனை. வருடாந்திரக் கணக்கு |
| மாவட்ட நீதிமன்றம் | மனநோய், டிமென்ஷியா உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் | குறிப்பிட்ட ஒரு முடிவு | காலக்கெடு; திரும்பத் திரும்ப மனு |
| ரிட் மனு | கோமா, வேறு வழியில்லாத நிலை | பெரிய தொகை, சொத்து விற்பனை | வாரிசு எதிர்ப்பு, நிபந்தனைகள் |
| நியமனப் பிரதிநிதி | மனநோய் | சிகிச்சை, சேர்க்கை | பணம், சொத்துக்குச் செல்லாது |

## அந்த மூன்று வீடுகள்

கே.கே. நகர் அம்மாவுக்கு உள்ளூர்க் குழுதான், தாமதிக்கக் காரணமே இல்லை. மகன் பெயரில் சொத்து வைக்க நினைத்தால் ஆர்டருக்குப் பிறகு யோசிக்கலாம். இப்போதே அவன் பெயருக்கு வீட்டை எழுதினால், நாளை அவசரத்துக்கு விற்கக் கோர்ட்டு ஏற வேண்டியிருக்கும். அம்மா தெளிவாக இருக்கும்போதே அவன் நன்மைக்காக ஒரு டிரஸ்ட் எழுதி, வீட்டை டிரஸ்டிகள் பொறுப்பில் விட்டால் அந்தச் சிக்கல் வராது.

மேலூர் மனைவிக்கு ரிட். போவதற்கு முன் ஒரு வேலை: வங்கியில் எழுத்து மூலம் பணம் கேட்டு, அவர்கள் தரும் மறுப்புக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாக ‘முடியாதும்மா’ என்றது மனுவில் நிற்காது.

உசிலம்பட்டிதான் சிக்கல். அப்பா இடையிடையே தெளிகிறாரா என்று டாக்டரைக் கேட்பது முதல் வேலை. தெளிகிறார் என்றால் பவர்கூட வேண்டாம், அவரே நேரடியாகக் கிரயம் எழுதுவது மேல். இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றம். அதற்கு முன் பட்டாவை எடுத்துப் பாருங்கள். நிலம் தாத்தா வழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தாக, பட்டா கூட்டாக இருந்தால், மகனுக்கும் மகளுக்கும் அதில் சொந்தப் பங்கு இருக்கிறது. அப்பா பங்கைத் தொடாமல், தங்கள் பங்கை மட்டும் விற்றே இந்த வருடச் செலவை அவர்கள் சமாளிக்க முடியும்.